பொதி கட்டப் பழக எந்த வாசல்? பைபிஐ, ஏயுஆர், டெபியன், ஃபெடோரா ஒப்பீடு

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் கணினி படிக்கும் மாணவர்கள் செமஸ்டர் தொடங்கும் நேரத்தில் கேட்கும் கேள்விகள் இரண்டு. ஸ்கிரிப்ட் எழுதப் பழக பாஷ் (லினக்ஸில் கட்டளைகளை ஏற்கும் ஷெல்) நல்லதா, பைத்தான் நல்லதா? எழுதியதைப் பொதியாக்கி, அதாவது பிறர் எளிதில் நிறுவும்படி கட்டி, வெளியிட பைத்தான் பொதிகளின் களஞ்சியமான பைபிஐ போதுமா, டெபியன், ஆர்ச் போன்ற லினக்ஸ் வகைகளின் பக்கம் போக வேண்டுமா? கேட்க இரண்டும் தனித்தனிக் கேள்விகள் போலத் தோன்றும். ஆனால் இரண்டாவதற்கு நீங்கள் சொல்லும் பதில்தான் முதலாவதைத் தீர்மானிக்கும். ஏயுஆர் (ஆர்ச்சின் பயனர் களஞ்சியம்), டெபியன், ஃபெடோரா (இன்னொரு லினக்ஸ் வகை) மூன்றிலும் பொதியைக் கட்டும் குறிப்பு ஷெல் கட்டளைகளால் ஆனது. பைபிஐ ஒன்றுக்குத்தான் பாஷ் தெரியாமலே போய்ச் சேரலாம்.

ஒப்பிட வசதியாக ஒரே கருவியை எல்லா வாசலிலும் நிறுத்திப் பார்ப்போம்: ஒரு தமிழ்க் கோப்பில் எத்தனை எழுத்துகள் என்று எண்ணிச் சொல்லும் சிறிய நிரல். கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறோம். முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்ட வேண்டும்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், உங்கள் வேலையை யார் படிப்பார்கள் என்பது. வகுப்பில் மதிப்பெண் போடுபவர் நிரல் ஓடுகிறதா என்று பார்ப்பார். பொதியைப் பரிசீலிப்பவரோ, முகம் தெரியாத ஒருவருடைய கணினியில் சில ஆண்டுகள் கழித்தும் அது ஓடுமா, அதை விநியோகிக்க உரிமம் இடம் தருகிறதா என்று பார்ப்பார். கற்றல் பெரும்பாலும் இந்த இரண்டாவது கண்ணிலிருந்துதான் வருகிறது. அதனால் மற்ற அளவுகோல்களைவிட இதற்கே நாங்கள் அதிக எடை தருகிறோம்.

அடுத்தது காலம். நம் பல்கலைக்கழகங்களில் ஒரு செமஸ்டர் பொதுவாக 14 வாரம். அதற்குள் கையில் காட்ட ஏதாவது வருமா?

மூன்றாவது கணினியும் இணையமும். ஆய்வகக் கணினிகள் பெரும்பாலும் விண்டோஸ். மெய்நிகர் கணினியில் லினக்ஸ் வைத்துக்கொள்ள 8 ஜிபி நினைவகமும், வட்டில் 30 ஜிபி காலி இடமும் இருந்தால் நான்கு வழிகளுக்கும் போதும். பழைய மடிக்கணினி என்றால் முதலில் எஸ்எஸ்டி மாற்றுங்கள். பொதி கட்டும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் எழுதி அழிக்கப்படும், சுழலும் வட்டு அதற்கு ஈடுகொடுக்காது.

நான்காவது, வெளியிட்ட பிறகு தொடரும் பொறுப்பு. இதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை.

## பாஷா, பைத்தானா

பிற நிரல்களை வரிசையாக அழைத்து, ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்கு ஊட்டுவதுதான் வேலை என்றால் பாஷ். தரவைப் பிரித்து, கணக்குப் போட்டு, பிழையைக் கையாள வேண்டும் என்றால் பைத்தான். ஷெல் ஸ்கிரிப்ட் 100 வரியைத் தாண்டினால் வேறு மொழியில் திருப்பி எழுதச் சொல்கிறது கூகுளின் ஷெல் நடைக்கையேடு. மாணவர்களுக்கும் அது நல்ல எல்லை.

பாஷில் தொடக்கக்காரரை வீழ்த்தும் பிழைகள் எண்ணி நான்கைந்துதான். விண்டோஸ் நோட்பேடில் எழுதிய ஸ்கிரிப்டின் வரிமுடிவு லினக்ஸுக்கு ஒத்துவராது. ‘பேட் இன்டர்ப்ரெட்டர்’ என்று வந்தால் முதலில் அதைப் பாருங்கள். டாஸ்2யுனிக்ஸ் கட்டளை ஒரு நொடியில் சரிசெய்யும். உபுண்டுவிலும் டெபியனிலும் ‘எஸ்ஹெச்’ என்று அழைத்தால் ஓடுவது டாஷ் என்னும் வேறு ஷெல், பாஷ் அல்ல. இரட்டைச் சதுர அடைப்பு அங்கே புரியாது. கோப்பின் பெயரில் இடைவெளி இருந்து, மாறியை மேற்கோள்குறிக்குள் வைக்கவில்லை என்றால் பெயர் இரண்டாக உடையும். அழிக்கும் கட்டளைக்குப் பக்கத்தில் இது நடந்தால் வேறு கோப்பு போய்விடும். ஷெல்செக் கருவி இதை எஸ்சி2086 என்ற எண்ணோடு சுட்டிக்காட்டும். ஒவ்வொரு ஸ்கிரிப்டையும் அதில் ஓட்டிவிட்டுச் சேமிக்கும் பழக்கம் முதல் வாரத்திலேயே வரட்டும்.

நம் எழுத்தெண்ணிக்கு மட்டும் பாஷ் ஒத்துவராது. காரணம் யூனிகோடு. ‘தமிழ்’ என்ற சொல்லில் நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு அது த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடு. யுடிஎஃப்-8இல் 15 பைட். பாஷில் நீளம் கேட்டால் யுடிஎஃப்-8 அமைப்பில் 5 வரும். மொழி அமைப்பு ‘சி’ என்றிருக்கும் சூழலில், கண்டெய்னர்களில் இது சகஜம், 15 வரும். ஒரே ஸ்கிரிப்டுக்கு இரண்டு விடை, இரண்டும் தமிழருக்குத் தவறு.

பைத்தானிலும் ‘லென்’ 5 என்றே சொல்லும். ஆனால் திருத்த வழி இருக்கிறது. யூனிகோடுடேட்டா தொகுதியில் ஒவ்வொரு குறியீட்டின் வகையைக் கேட்டு, சார்ந்து நிற்கும் குறிகளை எண்ணாமல் விட வேண்டும். இங்கே ஒரு குழி உண்டு. புள்ளியும் ஈகாரக்குறியும் ‘எம்என்’ வகை. ஆகாரம், இகரம், உகரம் முதலிய மற்ற உயிர்க்குறிகள் ‘எம்சி’ வகை. ‘எம்என்’னை மட்டும் தவிர்த்தால் ‘நீ’ ஒன்று என்றும் ‘நி’ இரண்டு என்றும் வரும். இரண்டு வகையையும் தவிர்க்க வேண்டும். ‘கொ’வின் ஒகரக்குறியைச் சில கோப்புகளில் கொம்பும் காலுமாகப் பிரித்துத் தட்டியிருப்பார்கள், எண்ணும் முன் என்எஃப்சி முறையில் இயல்பாக்கினால் ஒன்றாகிவிடும். க்ஷ ஒன்றா இரண்டா என்பது நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு. எதை எடுத்தாலும் அதற்கு ஒரு சோதனை எழுதிவையுங்கள்.

பினாங்கு மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. 1972இல் இண்டெல் வந்ததிலிருந்து பாயான் லெப்பாஸ் சிப்புகளின் ஊர். சிப் வடிவமைப்புக் கருவிகள் பலவற்றின் ஸ்கிரிப்ட் மொழி டிசிஎல்; பழைய சோதனை நிரல்களில் பெர்ல் இன்னும் இருக்கிறது. அங்கே தொழிற்பயிற்சிக்குப் போக எண்ணுபவர்கள் இவற்றை முன்கூட்டியே கற்றுத் தேற வேண்டியதில்லை. பாஷும் பைத்தானும் கையில் இருந்தால் மற்றவை வேலையோடு வரும்.

## ஒரே பார்வையில்

| | பைபிஐ | ஏயுஆர் | டெபியன் | ஃபெடோரா / கோப்பர் (ஃபெடோராவின் பொதி கட்டும் சேவை) |
|---|---|---|---|---|
| யார் படிப்பார் | யாரும் இல்லை | பயனர்கள், பிறகு | ஆதரவாளர், களஞ்சியக் குழு | கோப்பரில் யாரும் இல்லை. ஃபெடோராவில் பரிசீலகர் |
| முதல் பொதிக்குக் காலம் | ஒரு வார இறுதி | இரண்டு வாரம் | ஒரு செமஸ்டர், சில சமயம் கூடுதல் | கோப்பர் இரண்டு வாரம். ஃபெடோரா மாதக்கணக்கு |
| பாஷ் தேவையா | இல்லை | முழுக்க பாஷ் | ஓரளவு, கூடவே மேக் என்னும் கட்டும் கருவி | ஓரளவு |
| பிறகு வரும் பொறுப்பு | உங்கள் விருப்பம் | பதிப்பு மாறும்போதெல்லாம் | ஆண்டுக்கணக்கு | ஆறு மாதத்துக்கு ஒருமுறை |

## பைபிஐ: வேகம் உண்டு, படிப்பவர் இல்லை

மெய்நிகர் சூழல் ஒன்றை வென்வ் கொண்டு உருவாக்கி, அதற்குள் கட்டுவதற்கான பில்ட், ஏற்றுவதற்கான ட்வைன் இரண்டையும் நிறுவுங்கள். நேராக பிப் இன்ஸ்டால் என்று தட்டினால், டெபியன் 12 முதல் ‘எக்ஸ்டர்னலி மேனேஜ்ட் என்விரான்மென்ட்’ என்று மறுத்துவிடும். கணினியின் சொந்த பைத்தானைக் காப்பதற்கான தடை அது. இணையத்தில் கிடைக்கும் ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’ விருப்பத்தைப் போட்டு அதை உடைக்காதீர்கள்.

பைப்ராஜெக்ட் டோம்ல் கோப்பில் பெயர், பதிப்பு, பைத்தானின் குறைந்தபட்சப் பதிப்பு, சார்புகள் (ஓடத் தேவையான பிற பொதிகள்), கட்டளைப் பெயர் ஆகியவை இருக்க வேண்டும். நிரலை எஸ்ஆர்சி அடைவுக்குள் வையுங்கள். வெளியே வைத்தால் சோதிக்கும்போது நிறுவிய பொதிக்குப் பதில் பக்கத்தில் இருக்கும் அடைவையே பைத்தான் எடுத்துக்கொள்ளும். பொதியில் ஒரு கோப்பு விடுபட்டிருந்தாலும் உங்கள் கணினியில் எல்லாம் சரியாக ஓடும். பொதியின் பெயர் ஆங்கில எழுத்தில்தான் இருக்க முடியும். நிரலுக்குள் மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர் வைக்க பைத்தான் 3 இடம் தருகிறது.

கட்டினால் வீல் (நிறுவத் தயாரான கோப்பு) ஒன்றும் மூலத் தொகுப்பு ஒன்றும் கிடைக்கும். முதலில் டெஸ்ட்பைபிஐ என்ற சோதனைத் தளத்துக்கு ஏற்றுங்கள். ஒரு பதிப்பின் கோப்பை ஏற்றிவிட்டால், அழித்தாலும் அதே பெயரில் மறுபடி ஏற்ற முடியாது. விளக்கத்தில் ஒரு எழுத்துப்பிழைக்காக 0.1.1, அடுத்ததற்கு 0.1.2 என்று எண்கள் வீணாகும். 2024 தொடக்கத்திலிருந்து இரட்டை அடையாளச் சோதனை கட்டாயம். மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி வையுங்கள், கைப்பேசி தொலைந்தால் கணக்கும் போகும். ஏற்றுவதற்கான டோக்கனைத் தவறிக்கூட கிட்டில் சேர்க்க வேண்டாம்.

வார இறுதிக்குள் உலகில் எவரும் நிறுவக்கூடிய கருவி கையில். அது உண்மையான மகிழ்ச்சி, குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் சார்புப் பட்டியல் சரியா, உரிமக் கோப்பு இருக்கிறதா, சோதனை ஓடுகிறதா என்று யாரும் கேட்கவில்லை. தவறு இருந்தால் அது தவறாகவே பழகிவிடும்.

## ஏயுஆர்: பாஷ் பழக நல்ல களம்

ஆர்ச் லினக்ஸின் பயனர் களஞ்சியம் இது. பிகேஜிபில்ட் என்ற ஒரே கோப்பு, முழுக்க பாஷ், எழுத்தெண்ணிக்கு 25 வரிக்குள் முடியும். பெயர், பதிப்பு, உரிமம், சார்பு, மூலத்தின் முகவரி, அதன் சரிபார்ப்புத் தொகை, பிறகு பில்ட், பேக்கேஜ் என்று இரண்டு செயற்கூறுகள். பொதி என்றால் என்ன என்பதை இவ்வளவு சுருக்கமாகக் காட்டும் வேறு வடிவம் இல்லை.

பெரும்பாலானோர் செய்யும் தவறு, கோப்புகளை பிகேஜிடிர் மாறி சுட்டும் அடைவுக்குள் வைக்காமல் நேரே யுஎஸ்ஆர் அடைவுக்கு அனுப்புவது. பொதியைக் கட்டும் மேக்பிகேஜி கட்டளை ரூட்டாக ஓட மறுப்பதால் அனுமதிப் பிழையோடு நின்றுவிடும், கணினி தப்பிக்கும். அடுத்த தவறு, பிகேஜிபில்டை மாற்றிவிட்டு எஸ்ஆர்சிஇன்ஃபோ கோப்பைப் புதுப்பிக்க மறப்பது. இணையப் பக்கம் பழைய பதிப்பையே காட்டும். கிட் கிளையின் பெயர் மாஸ்டர் என்றே இருக்க வேண்டும், மெயின் என்றிருந்தால் ஏற்காது. ஏற்றுவது எஸ்எஸ்ஹெச் வழியாக என்பதால், 22ஆம் போர்ட்டை அடைத்துவைத்த கல்லூரி வைஃபையில் அது உறைந்து நிற்கும். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டுக்கு மாறிப் பாருங்கள்.

உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கும் ஒரு நூலகத்தால் பொதி கட்டப்பட்டு, சார்புப் பட்டியலில் அது விடுபட்டுப் போவதுதான் மறைந்திருக்கும் பிழை. நேம்கேப் என்னும் சோதனைக் கருவி சிலவற்றைப் பிடிக்கும். டெவ்டூல்ஸ் தரும் வெற்றுச் சூழலில் கட்டினால் மீதியும் தெரியும்.

ஏற்றும் முன் யாரும் பரிசீலிப்பதில்லை. 2025 ஜூலையில், பிரபல உலாவிகளின் பெயரை ஒட்டி ஏற்றப்பட்ட மூன்று பொதிகளில் கணினியைத் தொலைவிலிருந்து கைப்பற்றும் தீம்பொருள் கண்டுபிடிக்கப்பட்டு நீக்கப்பட்டது. பிறர் பொதியை நிறுவும் முன் அதன் பிகேஜிபில்டை வரிவரியாகப் படியுங்கள். பாதுகாப்புக்கும் அது வேண்டும், பாஷ் படிக்கவும் அதைவிட நல்ல பாடம் இல்லை.

## டெபியன்: மெதுவான, கண்டிப்பான ஆசிரியர்

டெபியனில் பொதிக்கென்று ஓர் அடைவும் அதற்குள் பல கோப்புகளும் உண்டு: கண்ட்ரோல், ரூல்ஸ், சேஞ்ச்லாக், காப்பிரைட், வாட்ச். ஒவ்வொன்றுக்கும் விதி, ஒவ்வொரு விதிக்கும் காரணம்.

ரூல்ஸ் கோப்பு சாதாரணப் பொதிக்கு மூன்றே வரி. மூன்றாம் வரி டேப் விசையால் தொடங்க வேண்டும். இடைவெளி போட்டால் ‘மிஸ்ஸிங் செப்பரேட்டர்’ என்று நின்றுவிடும். மூலத் தொகுப்பின் பெயரில் பொதிப் பெயருக்கும் பதிப்புக்கும் நடுவே அடிக்கோடு வர வேண்டும், கிட்ஹப் தரும் கோப்பில் இருப்பது சிறுகோடு. சேஞ்ச்லாக் கையெழுத்து வரி ஓர் இடைவெளி, இரண்டு சிறுகோடு, பெயர், மின்னஞ்சல், அதன்பின் சரியாக இரண்டு இடைவெளி, தேதி, நம் நேரத்துக்கு +0800 என்று போகும். கையால் எழுதாதீர்கள், டிசிஹெச் கட்டளையிடம் விடுங்கள்.

பெயர் விஷயத்தில் நம்மவர்களுக்குத் தனிச் சிக்கல் உண்டு. முதலெழுத்தும் புள்ளியுமாக எழுதும் பெயர், பராமரிப்பாளர் வரியில் மின்னஞ்சல் முகவரியாக நேரடியாகச் செல்லாது என்று டெபியன் கொள்கை ஏடே எச்சரிக்கிறது. புள்ளியை விட்டுவிடுங்கள். கண்ட்ரோலிலும் சேஞ்ச்லாக்கிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இல்லாவிட்டால், வேறொருவர் பொதியில் நீங்கள் கைவைத்ததாக, பொதியைச் சோதிக்கும் லின்டியன் கருவி நினைத்துக்கொள்ளும். டெப்ஃபுல்நேம், டெப்இமெயில் மாறிகளை ஒருமுறை அமைத்தால் தீர்ந்தது. உங்கள் ஜிபிஜி சாவியில் (உங்கள் இலக்கக் கையொப்பத்துக்கான சாவி) பிறர் கையொப்பமிடும் முன் அடையாள அட்டையைப் பார்ப்பார்கள். மைகார்டில் உள்ள பெயரோடு சாவியின் பெயர் பொருந்தும்படி தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள்.

கட்டி, எஸ்பில்ட் வெற்றுச் சூழலில் சோதித்து, லின்டியன் குறைகளைத் தீர்த்த பிறகு மென்டர்ஸ் தளத்தில் ஏற்றி, ஆதரவாளர் வேண்டி ஒரு வழு அறிக்கை பதிய வேண்டும். டெபியன் உறுப்பினர் ஒருவர் படித்து, கேள்வி கேட்டு, திருத்தச் சொல்லி, கடைசியில் ஏற்றுவார். புதுப் பொதி என்றால் களஞ்சியக் குழு உரிமத்தைப் பார்க்கும் வரிசையிலும் நிற்க வேண்டும். அது சில நாளாகலாம், சில மாதமும் ஆகலாம். அங்கே திரும்பி வருவதற்கு அடிக்கடி நேரும் காரணம், காப்பிரைட் கோப்பில் யாரோ எழுதிய ஒரு துணைக் கோப்பின் உரிமம் விடுபட்டிருப்பது.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்பதற்கு 2024 மார்ச் 29இல் வெளியான எக்ஸ்இசட் சம்பவம் விடை: கோப்பைச் சுருக்கும் அந்தக் கருவிக்குள் யாரோ பின்கதவு வைத்திருந்தார்கள். அந்தப் பின்கதவைத் திறக்கும் கட்டளை வெளியீட்டுத் தொகுப்பில் இருந்த கட்டும் ஸ்கிரிப்டில் ஒளிந்திருந்தது. கிட் களஞ்சியத்தில் அந்த வரி இல்லவே இல்லை. டெபியனின் சோதனைக் கிளைகளுக்கும் ஃபெடோராவின் ராஹைடு என்னும் வளர்ச்சிக் கிளைக்கும் அது வந்துவிட்டது, டெபியன் நிலைப்பதிப்பை எட்டும் முன் பிடிபட்டது. பொதி கட்டுபவர் படிக்க வேண்டியது நிரலை மட்டும் அல்ல, அதைக் கட்டும் ஸ்கிரிப்டையும்.

மாணவர்களுக்கு எங்கள் அழுத்தமான யோசனை: டெபியனில் புதுப் பொதியோடு தொடங்காதீர்கள். ஏற்கெனவே இருக்கும் பொதியைத் திருத்துங்கள். புது வரிசையில் காத்திருக்க வேண்டாம், நன்றாகக் கட்டிய மாதிரி கண்முன் இருக்கும், திருத்தம் சிறிதென்றால் ஆதரவாளரும் விரைவில் கிடைப்பார். தமிழ் எழுத்துரு, உள்ளீட்டு முறை சார்ந்த பொதிகளில் உங்கள் கண்ணுக்குத் தெரியும் குறை, தமிழ் படிக்கத் தெரியாத பரிசீலகருக்குத் தெரியாது.

மறைந்த செலவு காலம்தான். நிலைப்பதிப்பு ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும். அதில் போன உங்கள் பொதி, படிப்பு முடிந்து வேலைக்குப் போன பிறகும் உங்கள் பெயரில் நிற்கும். முடியாதபோது கைவிடுகிறேன் என்று முறையாக அறிவிக்க வழி இருக்கிறது. சொல்லாமல் காணாமல் போவதுதான் தவறு.

## ஃபெடோராவும் கோப்பரும்

வேலைக்குப் போகும் இடம் ரெட் ஹேட் வகை லினக்ஸ் என்றால் இந்த வழி. ஸ்பெக் என்ற ஒரே கோப்பு. ஃபைல்ஸ் பகுதியில் சொல்லாத கோப்பு ஒன்று நிறுவப்பட்டாலும் ஆர்பிஎம்பில்ட் பிழையோடு நிற்கும். எரிச்சலாக இருக்கும், ஆனால் உங்கள் நிரல் எங்கே எதை வைக்கிறது என்று முதன்முறையாக முழுதாகத் தெரிந்துகொள்வீர்கள். மாற்றப் பட்டியலில் கிழமையும் தேதியும் பொருந்தாவிட்டாலும் சொல்லிக்காட்டும்.

கோப்பர் உங்களுக்காகக் கட்டிக் களஞ்சியமும் இலவசமாகத் தரும், பரிசீலனை இல்லை. ஃபெடோராவுக்குள் போக ஆதரவாளர் வேண்டும். உபுண்டுவின் பிபிஏ என்னும் தனிப்பட்ட களஞ்சியமும் கோப்பர் போலத்தான், டெபியன் வடிவத்தில். மூலப் பொதியை மட்டும் ஏற்றினால் போதும், உபுண்டுவின் லான்ச்பேட் தளம் கட்டித் தரும்.

## எந்த வழியானாலும் முன்னால் கேட்க வேண்டியது

இறுதியாண்டுத் திட்டத்தின் நிரலை வெளியிடும் முன், அது உங்களுடையதா பல்கலைக்கழகத்தினுடையதா என்று அறிவுசார் சொத்து விதியைப் படியுங்கள், மேற்பார்வையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். தொழிற்பயிற்சியில் எழுதியது நிறுவனத்துக்கே உரியது என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. உரிமக் கோப்பு இல்லாத நிரலை யாரும் விநியோகிக்க முடியாது.

## யாருக்கு எது

நான்கு வாரத்தில் நேர்காணல், கையில் ஒன்றுமில்லை: பைபிஐ. சோதனைகளோடு ஒரு கருவி, மூன்று பதிப்பு, தெளிவான விளக்கக் கோப்பு. வேறெதையும் தொடாதீர்கள்.

தரவுப் பகுப்பாய்வு பக்கம் போகிறவருக்கும் பைபிஐ போதும். கூடவே இரண்டு வாரம் பாஷ்.

சர்வர், கிளவுட் பராமரிப்பு வேலைக்கு எண்ணுகிறவர் முதல் ஆறு வாரம் பாஷும் ஏயுஆரும், மீதி எட்டு வாரம் டெபியன் என்று பிரித்துக்கொள்ளலாம். ஆர்ச்சை முதன்மைக் கணினியில் போட வேண்டாம், மெய்நிகர் கணினியில் வையுங்கள். தேர்வு வாரத்தில் ஒரு புதுப்பிப்பு உடைந்தால் ஒப்படைப்புக் கோப்புகளும் அதோடு மாட்டிக்கொள்ளும்.

பாயான் லெப்பாஸில் சிப் வடிவமைப்பை நோக்குகிறவருக்கு பாஷ், பிறகு ஸ்பெக் கோப்பும் கோப்பரும்.

ஓர் ஆண்டுக்கு மேல் படிப்பு மீதமிருந்து, தொழிலை ஆழமாகக் கற்க விரும்பினால் டெபியன்தான். டெவ்ஸ்கிரிப்ட்ஸ் பொதியை நிறுவி, டபிள்யுஎன்பிபி-அலர்ட் கட்டளையை ஓட்டுங்கள். உங்கள் கணினியில் இருக்கும் பொதிகளில் பராமரிப்பாளர் இல்லாதவையும், உதவி கேட்பவையும் பட்டியலாக வரும். அதில் நீங்கள் உண்மையிலேயே தினமும் பயன்படுத்தும் ஒன்றைத் தேர்ந்து, அதன் மேல் பதிந்திருக்கும் வழு அறிக்கைகளை முதல் ஒரு வாரம் படிக்க மட்டும் செய்யுங்கள். இரண்டாம் வாரம் ‘ஆப்ட் சோர்ஸ்’ கொண்டு மூலத்தை இறக்கி, எதையும் மாற்றாமல், அப்படியே ஒருமுறை கட்டிப் பாருங்கள். அது கட்டப்படவில்லை என்றால் உங்கள் முதல் வழு அறிக்கைக்கு விஷயம் கிடைத்துவிட்டது.